முதல் எதிர்மனுதாரர்

விபத்து இழப்பீட்டு வழக்கின் சம்மனில் வாகன உரிமையாளரின் பெயருக்கு நேரே ‘முதல் எதிர்மனுதாரர்’ என்று இருக்கும். இரண்டாம் எதிர்மனுதாரர் இன்சூரன்ஸ் கம்பெனி. அதற்கு மேலே, மனுதாரர்கள் என்ற இடத்தில் இறந்தவரின் மனைவி, மைனர் பிள்ளைகள், வயதான தாய் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். விழுப்புரத்தில் என் அலுவலகத்துக்கு அந்தத் தாளோடு வருகிறவர்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். எடுத்துக் கொடுத்ததும், கேட்டிருக்கும் தொகையின்மேல் விரலை வைப்பார்கள். “அம்பது லட்சம் மேடம். என்மேல தப்பே இல்ல. நான் பாட்டுக்கு என் லேன்ல போய்க்கிட்டிருந்தேன்.”

அவர்களில் பலர் சொல்வது உண்மை. அதைக் கட்டு பிரித்துப் படித்தபின் சொல்கிறேன். நேராகப் போன வண்டியின் எதிரே தவறான பக்கத்தில் இரு சக்கர வாகனம் வந்திருக்கும். மீடியன் இடைவெளியில் திடீரென்று யாராவது குறுக்கே திரும்பியிருப்பார்கள். ஆனாலும் வழக்கு வரும், வந்தாகவும் வேண்டும். ஓர் உயிர் போயிருக்கிறது. யார் தவறு என்று கேட்பதற்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு இடம் இல்லை. வழக்குப் போட்டதே அநியாயம் என்று கொதிக்கிறவரிடம் நான் முதலில் பேசுவது இதைத்தான். உங்கள்மேல் பகைகொண்டு அந்த அம்மா வரவில்லை. நீங்கள் நிரபராதி என்பது அவருக்குத் தெரியாது, அதைச் சொல்ல இதுவரை யாரும் அவரிடம் போகவும் இல்லை.

நான் இழப்பீட்டு வழக்குகளில் பெரும்பாலும் வண்டிக்காரர்கள் பக்கம் ஆஜராகிறவள். எங்கள் வட்டாரத்தில் மனுதாரர் தரப்புக்கு வக்கீல்கள் உண்டு, கம்பெனி பேனலில் வக்கீல்கள் உண்டு. உரிமையாளருக்காக எழுந்து நிற்கிறவர்கள் குறைவு. காரணம், உரிமையாளர்கள் வருவதில்லை. ‘இன்சூரன்ஸ் இருக்குல்ல, கம்பெனி பாத்துக்கும்’ என்று சம்மனைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். கோர்ட்டில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டி. அதற்குப் பிறகு அந்த வழக்கில் வண்டியை ஓட்டியவரின் குரல் இருக்காது. அன்று இரவு அந்தச் சாலையில் என்ன நடந்தது என்று கண்ணால் கண்டு, உயிரோடு இருக்கும் ஒரே ஆள் பல வழக்குகளில் அவர்தான். அவர் வாயைத் திறக்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

கம்பெனி வக்கீல் தன் வக்கீல் என்று நினைப்பதில்தான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. கம்பெனி வக்கீல் கம்பெனிக்காக வருகிறார். ஓட்டியவர்மேல் தவறில்லை என்று அவரும் வாதிடுவார், அது அவருக்கும் நல்லது. கூடவே, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்றும் எதிருரையில் எழுதுவார். அது அவருடைய கடமை. அந்த வரிகளுக்குப் பதில் சொல்ல உரிமையாளர் அங்கே இல்லையென்றால், லைசென்ஸ் நகலைக்கூட யாரும் தாக்கல் செய்யாமல் போய், ‘பே அண்ட் ரெக்கவர்’ உத்தரவு வந்துவிடும். கம்பெனி முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று பொருள். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. பாதிக்கப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் வசூல் நோட்டீஸ் வரும்போதுதான் தனக்கு எதிராக ஒரு தீர்ப்பு இருப்பதே உரிமையாளருக்குத் தெரியவரும். லைசென்ஸ் பீரோவிலேயே இருந்திருக்கும். அதைக் கோர்ட்டில் காட்டாததற்கு லட்சக்கணக்கில் விலை.

பணி ஓய்வு பெற்ற ஒருவர் வேறொரு சிக்கலோடு வந்தார். தன் பழைய காரைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்று, பணம் வாங்கி, சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார். பெயர் மாற்றும் வேலையை வாங்கினவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார். வாங்கினவர் பெயரை மாற்றவில்லை, இன்சூரன்ஸையும் புதுப்பிக்கவில்லை. விபத்து நடந்தபோது இவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். வண்டி யார் கையில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. சம்மன் இவர் பெயருக்குத்தான் வந்தது. சட்டத்தின் பார்வையில் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்தில் அடிபட்டவர், வண்டி எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது. விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் 29ஆம் எண் படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பாலிசி உயிரோடு இருந்திருந்தால் பெயர் மாறாவிட்டாலும் கம்பெனி பணத்தைக் கட்டியிருக்கும். பாலிசியும் போனதால் முழுத்தொகையும் இவர் தலையில் விழும் நிலை. வாங்கினவரையும் வழக்கில் சேர்த்து, விற்பனை ரசீதைத் தாக்கல் செய்து, இவர் கட்டும் தொகையை அவரிடம் கேட்கும் உரிமையையாவது காப்பாற்றிக்கொடுக்கப் போராடினோம். அந்த மனிதரின் முகத்தில் இருந்த திகைப்பை எண்ணி இன்றும் வருந்துகிறேன். கார் விற்கும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இனி அந்த ஐம்பது லட்சத்தைப் பற்றி. மனுவில் எவ்வளவும் கேட்கலாம். தீர்ப்பில் வருவது வேறு கணக்கு. இறந்தவருக்கு 32 வயது, மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி 21,000, ஆண்டுக்கு 2,52,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 16. ஆகமொத்தம் 30,24,000. அதோடு துணையை இழந்ததற்கு, ஈமச்சடங்குக்கு என்று சில தொகைகள், மனுத் தேதியிலிருந்து வட்டி. பெருக்கெண்களை 2009இல் சர்லா வர்மா வழக்கும், எதிர்கால உயர்வு விகிதத்தை 2017இல் பிரணய் சேத்தி வழக்கும் வகுத்துக் கொடுத்தன. வண்டிக்குப் பாலிசி இருந்து, நிபந்தனை மீறல் இல்லாவிட்டால் இந்தத் தொகை எவ்வளவு பெரிதானாலும் கம்பெனிதான் கட்டவேண்டும். மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. இதைக் கேட்ட பிறகுதான் எதிரே இருப்பவர் தண்ணீர் குடிப்பார். வீடு போய்விடும் என்ற பயத்தோடு ஒருவரால் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது; அதனால் கணக்கை முதலில் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

பணம் போகாது என்றால் எதற்காக வழக்கை நடத்த வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். முதல் தகவல் அறிக்கையின் வாசகத்தைப் படித்துக் காட்டுவேன். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்’ என்று இருக்கும். எல்லா விபத்து வழக்கிலும் அதே சொற்கள்தான். புகார் கொடுத்தவர் பெரும்பாலும் இறந்தவரின் அண்ணனோ மைத்துனரோ; செய்தி கேட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர். சம்பவத்தைப் பார்த்தவரல்லர். சவக்கிடங்கு வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அவரிடம் வாக்குமூலம் வாங்கி, ஸ்டேஷனில் வழக்கமான வாசகத்தில் எழுதுகிறார்கள். இரண்டு வண்டிகளில் எது பெரியதோ அதன் ஓட்டுநர் குற்றவாளி. லாரியும் காரும் மோதினால் லாரி, காரும் பைக்கும் மோதினால் கார், பைக்கும் நடந்துபோனவரும் என்றால் பைக். அந்த ஒரு வரிதான் பிறகு குற்றப்பத்திரிகையாகவும், இழப்பீட்டு மனுவில் முதல் சான்றாவணமாகவும், தீர்ப்பில் காரணமாகவும் வளர்கிறது.

ஒரே விபத்துக்கு இரண்டு வழக்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகள். தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்று எண் போட்ட இழப்பீட்டு வழக்கு. முன்னதில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பின்னதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். ஆகவே அங்கே விடுதலை ஆனவர் இங்கே பொறுப்பாளி ஆகலாம். தமிழ்நாட்டில், இரவில் ஒரு தனியார் பஸ், தாழத் தொங்கிய மின்கம்பியில் பட்டுப் பலர் இறந்தார்கள். என்.கே.வி. பிரதர்ஸ் என்று சட்டப் புத்தகங்களில் பெயர்பெற்ற அந்த வழக்கில் 1980இல் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். சிறு சந்தேகங்களைக் காட்டி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் தப்பிவிடாமல் தீர்ப்பாயங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மனுதாரர் தரப்பு வக்கீல்கள் எல்லாரும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். எத்தனையோ குடும்பங்கள் அதனால் சாப்பிட்டிருக்கின்றன. அந்தக் காற்றை எதிர்த்து நடக்கவேண்டிய வண்டிக்காரருக்குக் கையில் உறுதியான சான்று வேண்டும் என்பதுதான் எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அந்தச் சான்றைத் தானே அழித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. காயம் மட்டும் ஏற்பட்ட வழக்குகளில், ‘குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டா முடிஞ்சுது, எதுக்கு வாய்தா வாய்தாவா அலையறது’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். வண்டிக்காரரும் கட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பு நகல் எம்.சி.ஓ.பி.யில் சான்றாவணமாக வந்து நிற்கும். தவறு செய்யாதவர் தவறு செய்தேன் என்று கையெழுத்துப் போட்ட தாளை உடைப்பதைப்போலக் கடினமான வேலை இந்தத் தொழிலில் வேறு இல்லை. சட்டப்படி அது முடிவான சான்று அல்ல, விளக்கம் சொல்லலாம். நடைமுறையில் அந்த விளக்கத்தை ஏற்கும் நீதிபதியைக் காண்பது அரிது.

இனி ஒரு ஜவுளிக்கடைக்காரரின் வழக்குக்கு வருகிறேன். 2023இல் நடந்தது. சென்னையில் சரக்கு எடுத்துவிட்டு மனைவியோடு காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்பு, இரவு. எதிரே, அவர் போகும் பாதையிலேயே ஒரு பைக். பிரேக் அடித்து இடதுபுறம் ஒடித்தும் முடியவில்லை. பைக்கில் வந்தவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துவிட்டார்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை எங்கள் பக்கத்தில் பல ஊர்களை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடு ஒருபுறம், கழனி மறுபுறம். முறையான திருப்பத்துக்குப் போய் வரவேண்டும் என்றால் வெகுதூரம் சுற்ற வேண்டும். பெட்ரோல் விலையும் களைப்பும் சேர்ந்து, ஓரமாக எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போய்விடலாம் என்று தோன்றவைக்கிறது. செய்வது தவறுதான். அந்தத் தவறைச் செய்ய வைத்த சாலை அமைப்பு எந்த மனுவிலும் எதிர்மனுதாரராக வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை.

ஜவுளிக்கடைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அங்கிருந்து போகவில்லை. ‘கூட்டம் சேந்தா அடிப்பாங்க, கிளம்பிடுங்க’ என்று ஒரு லாரி டிரைவர் சொல்லியிருக்கிறார். இவர் தன் செல்லிலிருந்து 108க்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நின்று, பிறகு ஸ்டேஷனுக்குப் போனார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பது இதைத்தான்: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி, காவல் நிலையத்துக்குத் தகவல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல். அவருக்குச் சட்டம் தெரியாது; மனசு சொன்னபடி செய்தார். அவர் மனைவி நடுங்கும் கையோடு செல்லில் சில படங்கள் எடுத்திருந்தார். வண்டிகளை அகற்றுவதற்கு முன்பு எடுத்த படங்கள்.

மனுவில் எழுதியிருந்தது வேறு கதை. பைக் சாலையின் இடது ஓரத்தில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்ததாகவும், கார் பின்னாலிருந்து வந்து மோதியதாகவும் இருந்தது. நான் முதலில் வாங்கிப் பார்த்தது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை. ‘இயந்திரக் கோளாறால் விபத்து நிகழவில்லை’ என்ற கடைசி வரியைப் படித்துவிட்டு மூடிவைக்கிற அறிக்கை அது. சேத விவரம் மேலே இருக்கும். பைக்கின் முன்சக்கரம் வளைந்திருக்கிறது, ஃபோர்க் உடைந்திருக்கிறது, முகப்பு விளக்கு நொறுங்கியிருக்கிறது. பின்விளக்குக்கும் பின் மட்கார்டுக்கும் சேதம் இல்லை. காரின் முன்பக்க வலது மூலை. பின்னாலிருந்து மோதிய வண்டியால் இப்படி ஒரு சேதம் வராது. அடுத்து புலன் விசாரணை அதிகாரி வரைந்த மாதிரி வரைபடம். மோதிய இடத்தைக் காட்டும் பெருக்கல் குறி, சென்னையிலிருந்து திருச்சி போகும் பாதையில் இருந்தது. அதை வரைந்தவர் எங்களுக்கு உதவ வரையவில்லை, பார்த்ததைக் குறித்திருக்கிறார். விபத்து வழக்கில் நான் மிகவும் நம்பும் தாள் இந்த வரைபடம்தான். எஃப்.ஐ.ஆர். சொன்னதை எழுதுகிறது, வரைபடம் கண்டதைக் காட்டுகிறது.

வேகத்தைப் பற்றிய கேள்வி மிச்சம் இருந்தது. அவருடைய ஃபாஸ்டேக் கணக்கை எடுத்தோம். ஆத்தூர் சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் அதில் இருக்கிறது. 108க்கு அழைத்த நேரம் செல் பதிவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை வகுத்தால் அவர் நிதானமாகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. மோதிய நொடியில் என்ன வேகம் என்று இது சொல்லாது. அப்படிச் சொல்வதாக நான் வாதிடவும் இல்லை. ‘அதிவேகமாக’ என்ற அச்சடித்த சொல்லுக்கு எதிராக ஓர் எண்ணை வைக்க முடிந்தது, அவ்வளவுதான். இன்று பலருடைய கார்களில் கேமரா இருக்கிறது. சாலையோரப் பெட்ரோல் பங்க், ஹோட்டல் கேமராக்களும் உதவும், ஆனால் பழைய பதிவுகள் சீக்கிரமே அழிந்துவிடும். சம்மன் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. விபத்து நடந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்கி, மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பைக்கின் முகப்பு விளக்கு எரிந்ததா என்பதைப் பற்றி ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் எரியவில்லை என்றுதான் நினைத்தார். “நிச்சயமா தெரியுமா?” என்றேன். யோசித்துவிட்டு, “நிச்சயமா சொல்ல முடியாது மேடம்” என்றார். எதிருரையில் அந்த வரியை எழுதவில்லை. ஹெல்மெட், குடி, லைசென்ஸ் என்று இறந்தவர்மேல் இருக்கிற எல்லாவற்றையும் வாரி இறைப்பது எங்கள் தரப்பில் பலரின் பழக்கம். 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே அவர்கள்மேல் பங்குப் பழி சுமத்த முடியாது, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. காட்ட முடிந்த ஒன்றை மட்டும் சொல்கிறவரை நீதிபதி கடைசிவரை நம்புவார்.

மனுதாரர் தரப்பு முதல் சாட்சி அந்த விவசாயியின் மனைவி. இறந்தவரின் மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு நான் வைத்திருக்கும் முறை, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது. கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கமாட்டேன், குரலை உயர்த்தமாட்டேன்.

“சம்பவத்த நீங்க நேர்ல பாத்தீங்களாம்மா?”

“இல்லம்மா. போன்ல சொன்னாங்க.”

“அவர் அப்ப எங்கேருந்து எங்க வந்துக்கிட்டிருந்தார்?”

“கழனிக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வூட்டுக்கு வந்துக்கிட்டிருந்தாரு.”

“கழனி தெற்கால, வீடு வடக்கால, சரிங்களா?”

“ஆமாம்மா.”

உட்கார்ந்துவிட்டேன். தெற்கே இருந்து வடக்கே வந்தவர், தெற்கு நோக்கிப் போகும் வண்டிகளின் பாதையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியை அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அது வாதத்தில் சொல்ல வேண்டியது. அவர் பொய் சொல்லவில்லை. மனுவில் எழுதியிருந்த கதை அவருடையதே அல்ல.

இரண்டாவது சாட்சியாக ஒரு டீக்கடைக்காரர் வந்து, கார் பின்னால் மோதியதைப் பார்த்ததாகச் சொன்னார். சேத விவரத்தையும் வரைபடத்தையும் அவர் கையில் கொடுத்துக் கேட்டபோது பதில் தடுமாறியது. போலீஸ் அவரை விசாரித்ததாகக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை. அதிகம் எழுத ஒன்றுமில்லை.

எங்கள் தரப்பில் ஜவுளிக்கடைக்காரரைக் கூண்டில் ஏற்றினேன். வண்டிக்காரரை ஏற்றுவது ஆபத்து என்று நினைக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஓட்டியவர் கூண்டுக்கு வராவிட்டால், வந்தால் உண்மை வெளியாகிவிடும் என்று பயந்துதான் வரவில்லை என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும், அப்படி எழுதிய தீர்ப்புகள் ஏராளம். மனுதாரர் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். “உங்க ஹெட்லைட் எரிஞ்சுது. எதிர்ல வண்டி வர்றது தெரிஞ்சிருக்கணுமே?” என்று கேட்டார். “தெரிஞ்சுது சார். தெரிஞ்சப்ப ரொம்பக் கிட்ட இருந்தார். பிரேக் போட்டேன், இடது பக்கம் ஒடிச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அவர் மொகம் தெரிஞ்சுது சார்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தவறு செய்யாதவருக்கும் அந்த முகம் போகாது. சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. இப்படிப்பட்டவர்களை மனநல மருத்துவரிடம் போகச் சொல்லி நான் வற்புறுத்துவதுண்டு.

சாட்சியம் போன போக்கைப் பார்த்த மனுதாரர் தரப்பு வக்கீல் சரியான காரியம் செய்தார். மனுவைத் திருத்தி, தவறை நிரூபித்துக் கேட்கும் 166ஆம் பிரிவோடு, மாற்றாக 164ஆம் பிரிவின் கீழும் இழப்பீடு கேட்டார். 2019 திருத்தத்தில் வந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிரிவு அது. யார் தவறு என்று சொல்லவோ நிரூபிக்கவோ வேண்டாம். மோட்டார் வாகன விபத்தில் மரணம் என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். அந்தத் திருத்த மனுவுக்கு நாங்கள் ஆட்சேபணை சொல்லவில்லை. கம்பெனி வக்கீல் சொன்னார், தீர்ப்பாயம் ஏற்கவில்லை.

தீர்ப்பில், விபத்துக்குப் பைக் எதிர்த்திசையில் வந்ததே காரணம் என்றும், கார் ஓட்டியவர்மேல் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தது. 164ஆம் பிரிவின் கீழ் 5 லட்சத்தைக் கம்பெனி கட்ட உத்தரவு. ஜவுளிக்கடைக்காரர் நகலைப் படித்துவிட்டு, “என்மேல தப்பு இல்லன்னா கம்பெனி ஏன் மேடம் குடுக்குது?” என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளக் கேட்டார். சாலையில் வண்டி ஓட்டுகிற நாம் எல்லாரும் பிரீமியம் கட்டிச் சேர்த்து வைத்த பணம் அது, இப்படி ஒரு வீட்டுக்குப் போகத்தான் அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். “அப்ப சரி. அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுமோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்” என்றார். பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட்டாக இருக்கும். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் எடுத்துக்கொள்ளலாம்.

5 லட்சம் போதுமா என்றால் போதாது. கணக்கில் 30 லட்சம் வரக்கூடிய குடும்பத்துக்கு அது ஒன்றுமில்லை. தவறு யாருடையதானாலும் ஒரு குடும்பம் பிழைக்கிற அளவுக்கு அந்தத் தொகை உயர வேண்டும் என்று, வண்டிக்காரர்கள் பக்கம் நிற்கிறவளாகவே சொல்கிறேன். அது உயர்ந்தால், இறந்தவரின் வீட்டாரும் நிரபராதியான ஓட்டுநரும் கோர்ட்டில் ஒருவரையொருவர் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டிய தேவை குறையும்.

2022 மோட்டார் வாகன விதிகள் வந்தபின் ஒரு வசதி வந்திருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்காக ஓட்டுநரும் உரிமையாளரும் தனித்தனிப் படிவங்களில் தங்கள் விவரத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காலியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல், லைசென்ஸ், பாலிசி நகல்களை இணைத்துக் கொடுங்கள் என்று என்னைக் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். கூடவே, நடந்தது என்ன என்று தன் சொந்த வார்த்தைகளில் எழுதி, தனியாக எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். விபத்து நடந்த வாரம் எழுதிய கடிதத்துக்கு, இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

ஜவுளிக்கடைக்காரரின் கிரிமினல் வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பாயத்தின் முடிவு மாஜிஸ்திரேட்டைக் கட்டுப்படுத்தாது; அதே வரைபடத்தையும் அதே சேத விவரத்தையும் அங்கே மறுபடி சாட்சிகள் மூலம் கொண்டுவர வேண்டும். அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று அவருடைய சொந்தக்காரர்கள் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறார். அடுத்த வாய்தாவில் மோட்டார் வாகன ஆய்வாளரின் விசாரணை. பைக்கின் பின்விளக்கில் இருந்துதான் கேள்வியைத் தொடங்கப் போகிறேன்.